ஆம் / இல்லை

"சகாயராணி யாரு? யூரின் குடுத்தாச்சா?"
தஞ்சாவூர் கிளினிக் கூடத்தில்
ஏழு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள்.
குடுத்தாச்சு. ரத்தமும் குடுத்தாச்சு.
காதில் ஹெட்போன் மாட்டி
எங்கோ ஒரு கொசு பாடும்வரை காத்திருந்து
பொத்தானை அமுக்கியாச்சு.
வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எழுபத்துநாலை
டாக்டர் இத்ரீஸ் கேட்குமுன்பே சொல்லிவிட்டேன்.
"எப்படிம்மா?"
நீடாமங்கலம் ஸ்டேஷன் மாஸ்டர், சார்.
பதினாறு வருஷமாக இதே எழுபத்துநாலு.
சிவப்பு பச்சை தெரியாவிட்டால்
எனக்குச் சம்பளம் கிடையாது.

அவர் சிரிக்கவில்லை.

இருவர் உட்காரும் விமானம்.
எடை, ஒரு குட்டியானை வண்டியில் பாதி.
நோக்கம் என்ற கட்டத்தில் 'பொழுதுபோக்கு' என்று எழுத
நாற்பத்தொரு வயதில் எனக்கே கூச்சமாக இருந்தது.
வாரத்தில் ஒரு ஓய்வு நாள்,
அதில் பஸ் பிடித்து ஓடுதளம்.
நாற்பது மணி நேரம் பறந்தாக வேண்டும்;
பதினொன்று ஆகியிருக்கிறது.
"மூக்கைத் தூக்காதீங்க மேடம், மூக்கைத் தூக்காதீங்க"
என்று வலப்பக்கம் வரதன் சார்.
கல்யாணமான நாளாய்க் கேட்ட வசனம்தான்,
இங்கே அர்த்தம் வேறு.
வேகம் செத்து இறக்கை தொய்கிற நொடியை
வேண்டுமென்றே வரவழைத்து
அதிலிருந்து மீள்வது ஒரு பாடம்.
ஏழாவது தடவை மீண்டேன்.
வானிலைப் பாடம் மட்டும் எளிது:
ஐப்பசி மழையில் எந்தத் தடத்தில் எவ்வளவு வேகம் என்று
டிரைவர்களுக்கு எச்சரிக்கைத் தாள் எழுதிய கை.
தனியே பறக்க மட்டும்
இந்த டாக்டர் கையெழுத்து வேண்டும்.

கேள்வி பதினேழு.
எப்போதாவது நினைவிழந்து விழுந்ததுண்டா?
ஆம் / இல்லை.

கஜா அடித்த நான்காம் நாள்.
மாற்று ஆள் வர வழியில்லை, முப்பத்தோரு மணி நேரம்.
கைவிளக்கோடு பிளாட்பாரத்தில் நின்றவள்
கண் திறந்தபோது கன்னத்தில் ஜல்லித் தூள்.
பாயிண்ட்ஸ்மேன் கலியபெருமாள்
சோடாவை உடைத்து முகத்தில் அடித்தார்.
"யாருக்கும் சொல்ல வேணாம் மேடம்."
சொல்லவில்லை.
ரயில்வேயின் எந்தத் தாளிலும் அந்த இரவு இல்லை.

'இல்லை' எழுத மூன்று எழுத்து.
'ஆம்' எழுத இரண்டு.
சிக்கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"எத்தனை நிமிஷம்?"
விழுந்தவளுக்கு எப்படி சார் தெரியும்?
அவர் கண்ணாடியைக் கழற்றினார்.
"மேலே சோடா குடுக்க ஆள் இல்லம்மா."

நெஞ்சில் ஐந்து ஸ்டிக்கர், ஐந்து ஒயர், இடுப்பில் ஒரு பெட்டி.
இருபத்துநாலு மணி நேரம்.
குளிக்கக் கூடாது, வேலைக்குப் போகலாம்.
கூடவே ஒரு நோட்டு:
நேரம். செய்தது. உணர்ந்தது.
முதல் இரண்டு கட்டமும் என் பிழைப்பு.
மூன்றாவதை எந்த ஸ்டேஷன் பதிவேட்டிலும்
நான் பார்த்ததில்லை.

22.40 கேட்டை மூடச் சொன்னேன். ஒன்றுமில்லை.
22.58 அந்தப்புறம் நெல் லாரி ஹாரன். லேசாக எரிச்சல்.
23.10 எஞ்சினைத் திருப்பி மாட்டுகிறார்கள்,
ஊரே கேட்டில் நின்று என்னைத் திட்டுகிறது. ஒன்றுமில்லை.
02.30 டீ. கலியபெருமாள் ஒயரைப் பார்த்துவிட்டு
பார்க்காத மாதிரி போனார். அவமானம்? தெரியவில்லை.
03.15 பயம். காரணம் தெரியவில்லை.
(அடித்துவிட்டேன். காரணம் தெரியும்.
இந்தச் சீட்டு திருச்சி ஆபீஸுக்குப் போனால்
கொடியும் போகும், சம்பளமும் போகும்.)
07.50 டூட்டி ஒப்படைத்தேன். இரண்டு இட்லி.
09.10 மூணாறு தலைப்பு.
வந்த ஆறு ஒன்று, போகிற ஆறு மூன்று.
மதகுச் சுவரில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்:
ஆயிரம் அடி உயரம், கிழக்குக் காற்று எட்டு நாட்,
இடப்பக்கம் சாய்ந்தால்
கண்ணாடிக்குள் மூன்றும் ஒன்றாகத் தெரிய
எத்தனை டிகிரி?
உணர்ந்தது:
கட்டத்தில் இடம் போதவில்லை.
அம்புக்குறி போட்டிருக்கிறேன், டாக்டர்.
பக்கம் திருப்பவும்.